தலைக்கணக்கு

படகுத்துறை கிடையாது இங்கே.
முரண்டு பிடிக்கும் பிள்ளையைப்
பள்ளிக்கூடத்தில் தள்ளிவிட்டு வருவதுபோல
டிராக்டர்தான் படகைக் கடலுக்குள்
தள்ளிவிட்டுத் திரும்பும்.

புவெர்த்தோ பிராமிதெஸ். செப்டம்பர்.
இந்த ஊரில் வாடகை தராமல் குடியிருப்பது
காற்று ஒன்றுதான்.

என் வேலை எண்ணுவது.
திமிங்கிலங்களை அல்ல, ஆட்களை.
நாற்பத்தொரு பேர் போனால்
நாற்பத்தொரு பேர் திரும்ப வேண்டும்.
அது போக, ஆரஞ்சு மழைக்கோட்டு மாட்டிவிடுவது,
வாந்திக்குக் காகிதப் பை நீட்டுவது,
"இன்றைக்கு வருமா?" என்பவர்களிடம்
வரும் என்றும் வராது என்றும் சொல்லாமல்
சிரித்து வைப்பது.

முதல் அரைமணி நேரம் தண்ணீர்தான்.
ஒரு குழந்தை பிஸ்கெட்டை முழுதாகத் தின்று
முழுதாகத் திருப்பிக் கொடுத்தது.
பிறகு எவரிஸ்டோ மோட்டாரை அணைத்தார்.

அந்த அமைதி எனக்கு இன்னும் பழகவில்லை.
அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது
சட்டென்று அடங்கியதுபோல.

தாய்.
கப்பலின் அடிவயிற்றில் ஒட்டியதுபோல
தலையெல்லாம் வெளுத்த தடிப்புகள்.
முதுகில் காக்கைகள் கொத்திய பள்ளங்கள்,
கடற்காக்கைகள், உயிரோடிருக்கும்போதே கொத்துபவை.
மூச்சுக்கு மேலே வர வேண்டும்,
வந்தால் கொத்து விழும்.
அதனால் முதுகை நீருக்குள் அமிழ்த்தி
மூக்கை மட்டும் நீட்டுகிறாள்.
எங்கே கற்றாளோ.

"இடதுபக்கம்! இடதுபக்கம்!"
எல்லாரும் ஓடினார்கள். படகு சாய்ந்தது.
கைபேசிகள் உயர்ந்தன.
நான் முதுகுகளை எண்ணினேன்.
நாற்பது.
மறுபடி எண்ணினேன்.
நாற்பது.

வயிற்றுக்குள் ஒரு கல் இறங்கியது.
திரும்பினேன்.

வலதுபக்கக் கடைசி இருக்கையில்
ஒருவர் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்,
மடியில் காகிதப் பை.
பட்டியலில் பெயர்: ஒனோஃப்ரே பியூ, ட்ரெலேவ்,
கம்பளிக் கிடங்கு.
யாருமற்ற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாருமற்ற தண்ணீர் திறந்தது.

குட்டி.
கை நீட்டினால் தொடலாம்.
தொடவில்லை அவர்.
அது அவர் முகத்தில் மூச்சுவிட்டது
முழு மூச்சாக,
அழுகிய மீனும் உப்பும் வெதுவெதுப்புமாக.
தாடி நனைந்தது, கண்ணாடி நனைந்தது.
துடைக்கவில்லை.
தொப்பியை மட்டும் கழற்றினார்,
வீட்டுக்குள் வந்தவர்போல.

கத்தியிருக்க வேண்டும் நான். என் வேலை அது.
வாய் திறந்தே இருந்தது,
சத்தம்தான் வரவில்லை.

மூன்று மூச்சு. எண்ணினேன்.
பிறகு படகின் அடியில் ஒரு பெரிய நிழல் நகர்ந்து
இடதுபக்கம் எழ,
"குட்டி! குட்டி!" என்று நாற்பது பேர் கூவினார்கள்.
அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கரையில், கட்டண ஜன்னலுக்கு மேலே
ஒரு பழைய பலகை தொங்குகிறது:
திமிங்கிலம் காணாதவர்க்கு மறுநாள் பயணம் இலவசம்.
செப்டம்பரில் அதை யாரும் கேட்டதில்லை.
வரிசையில் அவர் நின்றார்.
"நான் ஒன்றும் பார்க்கவில்லை" என்றார் லெடிசியாவிடம்,
தாடியிலிருந்து கடல் சொட்டிக்கொண்டிருக்க.

அவள் மூக்கைச் சுளித்தாள். என்னைப் பார்த்தாள்.

"வலதுபக்கம் இருந்தார்," என்றேன்.
"வெயில் கண்ணில் அடித்திருக்கும்."

சீட்டு எழுதிக் கொடுத்தாள்.
என் சம்பளத்தில் பிடிப்பார்களா என்று
இரவு கொஞ்ச நேரம் யோசித்தேன்.

மறுநாள் காற்று துறைமுகத்தைப் பூட்டிவிட்டது.
படகு இல்லை, பயணிகள் இல்லை,
மணல் மட்டும் ஊர்வலம் போனது.
டிராக்டரின் மறைவில்
அவர் உட்கார்ந்திருந்தார்,
கொடுக்க மறந்துபோன என் ஆரஞ்சுக் கோட்டோடு,
கடலைப் பார்த்தபடி.

பழக்கதோஷம். எண்ணினேன்.
"ஒன்று."

சக்கரத்தடியிலிருந்து டிராக்டர்காரன் கேட்டான்:
"என்னைச் சேர்த்தா, சேர்க்காமலா?"